மூன்றாகப் பகிர முடியாத முந்திரி

மதுரைக்கு மேற்கே, நாகமலைக்கு அருகில் இருக்கிறது கீழக்குயில்குடி. ஊரை ஒட்டி நிற்கும் மொட்டைப் பாறைக் குன்றுக்குச் சமணர் மலை என்று பெயர். அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரங்களும் ஐயனார் கோயிலும் உண்டு. படியேறினால் பேச்சிப்பள்ளம். அங்கே சுனையை ஒட்டிய பாறைச் சரிவில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி ஆகியோரின் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். குறண்டித் திருக்காட்டாம்பள்ளியைச் சேர்ந்த குணசேனதேவரின் பெயரும் அவருடைய மாணாக்கர்களின் பெயர்களும் அவற்றில் வருகின்றன. கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளில் இந்த மலையில் ஆசிரியரும் மாணவரும் கூடி வாழ்ந்தார்கள் என்பதற்குப் பாறையே சாட்சி.

அதே 9ஆம் நூற்றாண்டில், சுமார் 850ஆம் ஆண்டையொட்டி, ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் காலத்தில் இன்னொரு சமணர் ஒரு கணக்கு நூல் எழுதினார். தீர்த்தங்கரரின் பெயரையே தாங்கிய மகாவீராச்சாரியார் அவர். நூலின் பெயர் 'கணித சார சங்கிரகம்'. வானியலின் துணைப் பாடமாக இல்லாமல், கணக்கு ஒன்றையே பொருளாகக் கொண்ட வடமொழி நூல் அது. தென்னிந்தியா முழுக்கப் பரவிய அந்த நூலை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மு. ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912இல் சென்னை அரசு அச்சகத்தின் வழியாக வெளியிட்டார். அதில் பின்னங்களைக் கூட்டுவதற்கு மகாவீராச்சாரியார் ஒரு விதி சொல்கிறார். இன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் 'மீச்சிறு பொது மடங்கு' என்று படிக்கிறார்களே, அந்த விதிதான். சமணர் மலையின் சிற்பங்களுக்கும் அந்த விதிக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

விதி என்ன சொல்கிறது என்பதை நம் ஊர்க் கணக்கை வைத்தே பார்க்கலாம். பழைய தமிழ்க் கணக்கில் 1/20க்கு 'மா' என்று பெயர். 1/16க்கு 'வீசம்'. ஒரு மாவையும் ஒரு வீசத்தையும் கூட்ட வேண்டும். 20 கூறுகளில் ஒன்றும் 16 கூறுகளில் ஒன்றும் வெவ்வேறு அளவுத் துண்டுகள். அப்படியே சேர்க்க முடியாது. இரண்டையும் மிச்சமில்லாமல் அளக்கக்கூடிய ஒரு சின்னத் துண்டு வேண்டும். மகாவீராச்சாரியாரின் வழி இது: 20, 16 இரண்டையும் பொதுவாக வகுக்கும் எண் 4. வகுத்தால் கிடைப்பவை 5, 4. பொதுவான 4ஐயும் இந்த 5, 4ஐயும் பெருக்கினால் 80. ஆக 1/80 என்ற துண்டு போதும். மா என்பது அதில் நான்கு, வீசம் என்பது அதில் ஐந்து, கூட்டினால் ஒன்பது. விடை 9/80.

நம் ஊர்க் கணக்கப்பிள்ளை இந்தக் கணக்கையே போட்டிருக்க மாட்டார். அவர் கையில் அந்த 1/80 துண்டு முன்பே இருந்தது. அதற்குக் 'காணி' என்று பெயர். ஒரு மாவோடு ஒரு காணி சேர்ந்தால் வீசம். அதனால்தான் வீசத்துக்கு 'மாகாணி' என்றும் பெயர். 20, 16 இரண்டின் மீச்சிறு பொது மடங்கை யாரோ ஒரு காலத்தில் கண்டுபிடித்து, அதற்கு ஒரு பெயரும் வைத்து, வாய்ப்பாட்டில் சேர்த்து, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வாயில் போட்டுவிட்டார்கள். பிள்ளைகள் அதைக் கணக்காக அல்ல, பேச்சாகவே கற்றுக்கொண்டார்கள். இதைவிட நல்ல கற்பித்தல் முறை எனக்குத் தெரியாது.

காரணி, மடங்கு, பகு எண், பகா எண் என்று நான்கு சொற்களைப் பாடநூல் ஒரே பக்கத்தில் தருகிறது. வரையறையை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு மறுநாள் காரணி எது, மடங்கு எது என்பது மாறிப்போகிறது. புளியமுத்துகளை வைத்துத் தொடங்கினால் மாறாது. 24 புளியமுத்துகளைத் தரையில் கொட்டி, குறையாமல் மிஞ்சாமல் செவ்வகமாக அடுக்கச் சொல்ல வேண்டும். ஒரே வரிசையில் 24. இரண்டு வரிசையில் 12, 12. மூன்று வரிசையில் எட்டெட்டு. நான்கு வரிசையில் ஆறாறு. அவ்வளவுதான் வழி. அந்தச் செவ்வகங்களின் பக்கங்கள் 1, 2, 3, 4, 6, 8, 12, 24. இவைதான் 24இன் காரணிகள். எண்ணுக்குள்ளே அடங்குபவை. மடங்கு வெளியே போவது. எட்டெட்டாக வரிசை வைத்துக்கொண்டே போனால் 8, 16, 24, 32 என்று முடிவில்லாமல் நீளும். காரணிக்கு முடிவு உண்டு, மடங்குக்கு இல்லை. மூன்றாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழே ஒப்பிப்பது மடங்கு. '24 எந்தெந்த வாய்ப்பாட்டில் வரும்?' என்று தேடுவது காரணி. முதலாவதை நாம் ஆண்டுக்கணக்கில் பழக்குகிறோம். இரண்டாவதைக் கேட்பதே இல்லை.

இப்போது ஒரு முத்தை எடுத்துவிடுங்கள். 23. எப்படி அடுக்கினாலும் ஒரே நீள வரிசைதான். இரண்டாக அடுக்கினால் ஒன்று மிஞ்சும், மூன்றாக அடுக்கினால் இரண்டு மிஞ்சும், நான்காக அடுக்கினால் மூன்று மிஞ்சும். 23க்கு 1உம் 23உம் தவிர வேறு காரணி கிடையாது. இது பகா எண். 24 பகு எண். ஒரு முத்தை மட்டும் வைத்தால் அது வரிசையும் இல்லை, செவ்வகமும் இல்லை. 1 பகாவும் அல்ல, பகுவும் அல்ல. காரணம் இல்லாமல் அதை ஒதுக்கவில்லை. எந்தப் பகு எண்ணையும் உடைத்துக்கொண்டே போனால் கடைசியில் பகா எண்கள் மிஞ்சும். 24ஐ 4, 6 என்று உடைத்தாலும், 3, 8 என்று உடைத்தாலும், முடிவில் கிடைப்பது மூன்று 2களும் ஒரு 3உம்தான். வழி மாறலாம், வந்து சேரும் இடம் மாறாது. எல்லா எண்களுக்கும் இது பொருந்தும். 1ஐயும் பகா எண் என்று சேர்த்துக்கொண்டால், 24க்குள் எத்தனை 1 வேண்டுமானாலும் நுழைக்கலாம், அந்த உறுதி கெட்டுவிடும்.

இந்தப் பகா எண் கண்ணோடு தமிழ்ப் பின்ன வரிசையைத் திரும்பப் பார்த்தால் அதன் எலும்புக்கூடு தெரிகிறது. அடிப்படைத் துண்டு முந்திரி, அதாவது 1/320. இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு முந்திரி காணி, எட்டு முந்திரி அரைமா, பதினாறு முந்திரி மா, இருபது முந்திரி மாகாணி, நாற்பது முந்திரி அரைக்கால், எண்பது முந்திரி கால், நூற்றறுபது முந்திரி அரை. இடையே இருமா என்பது 1/10, நாலுமா என்பது 1/5. எல்லாமே 320இன் காரணிகளில் நிற்கின்றன. 320ஐ உடைத்தால் ஆறு 2களும் ஒரு 5உம். ஆறு முறை பாதியாக்கலாம்: 160, 80, 40, 20, 10, 5. நிலத்தையும் நெல்லையும் பணத்தையும் பங்கு போடுகிறவர்களுக்கு அடிக்கடி வேண்டியது பாதி, பாதியில் பாதி, அதிலும் பாதி. கைவிரல்களால் எண்ணுகிறவர்களுக்கு 5உம் 10உம் வேண்டும். இரண்டு தேவையையும் ஒரே எண்ணில் கட்டிவைத்தால் 320 வருகிறது.

காரணிகளை மட்டும் எண்ணினால் 320 சிக்கனமான தேர்வு அல்ல. அதற்கு 14 காரணிகள். அதைவிடச் சிறிய 240க்கு 20 காரணிகள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகளைக் கொண்ட எண்களை ஆராய்ந்தவர் நம் ராமானுஜன். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர் 1915இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இவற்றைப் பற்றி நீண்ட கட்டுரை வெளியிட்டார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916இல் அவருக்குப் பட்டம் அளித்தது அந்த ஆய்வுக்காகத்தான். 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை என்று மனிதர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்த எண்களைத் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் அறுபது ஆண்டுச் சுற்றும் அப்படித்தான். வியாழன் வானத்தைச் சுற்றிவரச் சுமார் 12 ஆண்டு, சனி சுற்றிவரச் சுமார் 30 ஆண்டு. இரண்டின் மீச்சிறு பொது மடங்கு 60. அறுபதாம் கல்யாணம் கொண்டாடும்போது அந்த இரண்டு கோள்களும், கொண்டாடுபவர் பிறந்தபோது நின்ற இடத்துக்கு அருகில் திரும்பியிருக்கும்.

இந்தக் கூட்டத்தில் 320க்கு இடமில்லை. காரணம், அதற்குள் 3 இல்லை. ஒரு முழுப் பொருளை மூன்று பேருக்குச் சமமாகப் பகிர 320 முந்திரியால் முடியாது. ஆளுக்கு 106 கொடுத்தால் 2 முந்திரி மிஞ்சும். மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது சின்னப் பிரச்சினை இல்லை.

என்ன செய்தார்கள்? முந்திரியை மறுபடி 320ஆகப் பகுத்தார்கள். அது கீழ்முந்திரி. மிஞ்சிய 2 முந்திரி 640 கீழ்முந்திரி ஆகிறது. மூன்றாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 213, மிச்சம் 1. எத்தனை முறை 320ஆல் பகுத்தாலும் இந்த மிச்சம் போகாது. 2களையும் 5ஐயும் எவ்வளவு பெருக்கினாலும் அதிலிருந்து ஒரு 3 பிறக்காது. பகா எண்ணின் பிடிவாதம் இதுதான். ஒரு பகா எண்ணை வேறு பகா எண்களைக் கொண்டு உண்டாக்க முடியாது. அதை வெளியிலிருந்து கொண்டுவந்துதான் சேர்க்க வேண்டும்.

சேர்த்தார்கள். பழைய வாய்ப்பாடுகளில் வழங்கிவரும் சிற்றளவு வரிசையில் கீழ்முந்திரிக்கு அடுத்த படி இம்மி. ஒரு கீழ்முந்திரிக்கு 21 இம்மி. அதுவரை 320 என்றே வந்த கணக்கு திடீரென்று 21க்குத் தாவுகிறது. 21ஐ உடைத்தால் 3, 7. மேலே விட்டுப்போன இரண்டு பகா எண்களும் ஒரே படியில் வந்து சேர்ந்துவிட்டன. மிஞ்சிய 1 கீழ்முந்திரி 21 இம்மியாகிறது, ஆளுக்கு 7 இம்மி, மிச்சம் இல்லை. ஆக மூன்றில் ஒன்று என்பது 106 முந்திரி, 213 கீழ்முந்திரி, 7 இம்மி. துல்லியமான விடை. ஏழு பேருக்குப் பகிர்ந்து பாருங்கள்: 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி. இதுவும் துல்லியம்.

அடுத்த படியில் ஒரு இம்மிக்கு 11 மும்மி. பகா எண் வரிசையில் 2, 3, 5, 7க்கு அடுத்தது 11 என்பது நினைவிருக்கட்டும். அடுத்து ஒரு மும்மிக்கு 7 அணு, ஒரு அணுவுக்கு 9 குணம். இந்த 9 எதற்கு? 21க்குள் ஒரு 3 வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் ஒன்பது பேருக்குப் பகிர இரண்டு 3கள் தேவை. அதுவரை ஒன்றுதான் இருந்தது. குணம் வந்த பிறகு ஒரு முழுப் பொருள் 1,49,02,27,200 குணங்களாகிறது. அந்தப் பெரிய எண் 1 முதல் 12 வரை எல்லா எண்களாலும் மிச்சமின்றி வகுபடும். 13ஆல் வகுபடாது.

இந்த வரிசையைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு சின்னத் துண்டை யாரும் எந்தப் படியாலும் தராசாலும் அளந்திருக்க முடியாது. இம்மியும் அணுவும் குணமும் அளப்பதற்காக வந்தவை அல்ல, பகிரும்போது மிச்சம் விழாமல் இருப்பதற்காக வந்தவை. தசம முறையில் மூன்றில் ஒன்றை எழுதப்போனால் 0.3333 என்று ஓய்வில்லாமல் போகிறது, ஏனென்றால் 10க்குள் 2உம் 5உம் மட்டுமே இருக்கின்றன. நம்முடைய வாய்ப்பாட்டில் அது மூன்று அடியில் முடிந்துவிடுகிறது.

தானிய அளவுகளில் 3 இவ்வளவு தூரம் காத்திருக்கவில்லை. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி. இதுவரை எல்லாம் இரண்டின் ஆட்சி. கடைசியில் மூன்று தூணி ஒரு கலம். அந்த ஒரே ஒரு 3ஆல் 96 நாழி கொண்ட கலத்தை மூன்றாக, ஆறாக, பன்னிரண்டாக, இருபத்துநான்காகப் பகிர முடிகிறது. மதுரையில் இன்னொரு கணக்கும் வழங்கியது. மீனாட்சி அம்மன் கோயிலின் முக்குறுணிப் பிள்ளையாருக்கு விநாயகர் சதுர்த்தியன்று படைக்கும் பெரிய கொழுக்கட்டைக்கு 18 படி அரிசி. மூன்று குறுணிக்கு 18 படி என்றால் ஒரு குறுணிக்கு 6 படி. எட்டாகப் பகுத்த குறுணியில் பாதிகள் மட்டும் கிடைக்கும். ஆறாகப் பகுத்ததில் பாதியும் கிடைக்கும், மூன்றில் ஒரு பங்கும் கிடைக்கும்.

பகிர்வதற்குக் காரணி நிறைந்த எண்கள் உதவுகின்றன. அப்படியானால் பகா எண்கள் எதற்கும் உதவாதவையா? அவற்றை அடையாளம் காண்பதே ஒரு சுவையான வேலை. 97 பகா எண்ணா என்று கேட்டால், 2 முதல் 96 வரை எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. 2, 3, 5, 7 நான்கு போதும். 97ஐ இரண்டு காரணிகளாக உடைக்க முடிந்தால், இரண்டுமே 10ஆகவோ அதற்கு மேலாகவோ இருக்க முடியாது, இருந்தால் பெருக்குத்தொகை 100ஐ எட்டிவிடும். ஆகவே ஒன்றாவது 10க்குக் கீழே இருந்தாக வேண்டும். நான்காலும் வகுபடவில்லை என்றால் விசாரணை முடிந்தது. பார்வைக்குப் பகா எண்போல் நின்று ஏமாற்றுபவையும் உண்டு. 51, 57, 87 மூன்றும் இலக்கங்களைக் கூட்டிப் பார்த்ததும் மூன்றாம் வாய்ப்பாட்டில் மாட்டிக்கொள்ளும். 91 அப்படி மாட்டாது. அது 7ஐ 13ஆல் பெருக்கி வந்தது. நம் வாய்ப்பாடுகள் பெரும்பாலும் 'ஏழு பத்து எழுபது' என்றோ பன்னிரண்டிலோ நின்றுவிடுவதால் 91 கண்ணில் படாமல் தப்பிவிடுகிறது. 100க்குள் 25 பகா எண்கள். 1000க்குள் 168. போகப் போக அடர்த்தி குறையும், ஆனால் தீர்ந்துபோகாது. அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதை நிறுவிவிட்டார். கையிலுள்ள பகா எண்களை எல்லாம் பெருக்கி 1 சேர்த்தால், வரும் எண் அவற்றில் எதனாலும் வகுபடாது. புதிதாக ஒரு பகா எண் வெளிப்பட்டே தீரும். 2, 3, 5, 7, 11, 13 ஆறையும் பெருக்கி 1 சேர்த்தால் 30031. அது 59ஐ 509ஆல் பெருக்கிய எண். இரண்டுமே நம் பட்டியலில் இல்லாத பகா எண்கள்.

59ஐ 509ஆல் பெருக்கச் சொன்னால் ஒரு பிள்ளை ஒரு நிமிடத்தில் முடித்துவிடும். 30031ஐக் கொடுத்து உடைக்கச் சொன்னால் 3, 7, 11, 13, 17 என்று பொறுமையாக 59 வரை ஏற வேண்டும். பெருக்குவது எளிது, உடைப்பது கடினம். நூற்றுக்கணக்கான இலக்கங்கள் கொண்ட இரண்டு பகா எண்களைப் பெருக்கிவிட்டால், அதை உடைக்க இன்றைய கணினிகளாலும் ஆகாது. 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், அடில்மன் மூவரும் உருவாக்கிய ஆர்எஸ்ஏ என்னும் பூட்டு முறை இந்தக் கடினத்தின் மேல்தான் நிற்கிறது. இணையத்தில் நாம் அனுப்பும் பணத்துக்கும் கடவுச்சொல்லுக்கும் காவலாக நெடுங்காலம் அது இருந்துவருகிறது. ஓர் எண் பகாவா பகுவா என்று மட்டும் விரைவாகச் சொல்லிவிடும் உறுதியான வழியை 2002இல் கான்பூர் ஐஐடியின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனாவும் கண்டுபிடித்தார்கள். 'இது உடையும்' என்று அந்த வழி சொல்லும், எங்கே உடையும் என்று சொல்லாது. அந்த இரண்டாவது கேள்வி இன்னும் கடினமாகவே இருக்கிறது. மகாவீராச்சாரியார் தம் நூலில் மாலைபோல் கோத்த எண்களைக் காட்டி மகிழ்கிறார். 139ஐ 109ஆல் பெருக்கினால் 15151, முன்னும் பின்னும் ஒன்றுபோலவே படிக்கும் எண். 139, 109 இரண்டும் பகா எண்கள். 15151ஐ மட்டும் கொடுத்து உடைக்கச் சொல்லியிருந்தால் அவருடைய மாணவர்கள் எவ்வளவு நேரம் எடுத்திருப்பார்கள் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் இந்தப் பொருளைப் பேசும்போது ராமானுஜனோடு நிறுத்திவிடுகிறார்கள். இன்னொருவரைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும். குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் 1901இல் பிறந்த எஸ். எஸ். பிள்ளை. முழுப்பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. சிறு வயதிலேயே தாயையும், பள்ளிப் படிப்பு முடியும் முன்பே தந்தையையும் இழந்தவர். ஆசிரியர் ஒருவரின் உதவியால் படிப்பைத் தொடர்ந்தவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டே எண் கோட்பாட்டில் உலகம் வியக்கும் முடிவுகளைக் கண்டவர். 1950 ஆகஸ்ட் 31இல், அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்கு அருகே நடந்த விமான விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 49.

1940இல் அவர் நிறுவிய ஒரு முடிவைப் புரிந்துகொள்ள ஆறாம் வகுப்புக் கணக்கே போதும். அடுத்தடுத்து வரும் எண்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றுள் மற்ற எல்லா எண்களோடும் 1ஐத் தவிரப் பொதுக் காரணியே இல்லாத ஓர் எண், அதாவது யாரோடும் உறவில்லாத ஓர் எண், இருக்குமா? 20, 21, 22, 23, 24 என்று எடுத்தால் 23 அப்படிப்பட்டது. 24, 25, 26, 27, 28 என்று எடுத்தால் பகா எண்ணே இல்லை, ஆனாலும் 25 தனியாக நிற்கிறது. எங்கே தொடங்கினாலும், 16 எண்கள் வரை எடுத்தால் அப்படி ஒருவராவது கட்டாயம் இருப்பார் என்று பிள்ளை நிறுவினார். 17 எண்கள் எடுத்தால் அந்த உறுதி உடைந்துவிடுகிறது. 16க்கும் 17க்கும் நடுவில் அப்படி ஒரு கோடு கிடக்கிறது என்பதை யாராவது முன்கூட்டி ஊகித்திருப்பார்களா?

முதன்முதலில் உடையும் இடம் 2184 முதல் 2200 வரை. இந்தப் பதினேழு எண்களில் ஒவ்வொன்றுக்கும் அந்த வரிசைக்குள்ளேயே ஓர் உறவு உண்டு. இரட்டை எண்களுக்குச் சிக்கல் இல்லை, 2 அவற்றைக் கட்டிவிடுகிறது. ஒற்றை எண்களில்தான் வேலை. 2197ஐப் பாருங்கள். 13ஐ மூன்று முறை பெருக்கிய எண் அது. அதற்குள் 13ஐத் தவிர வேறெதுவும் இல்லை. அதன் உறவு சரியாக 13 அடி பின்னால் 2184இல் இருக்கிறது. 2189க்குள் 11 ஒளிந்திருக்கிறது, அதன் உறவு வரிசையின் கடைசியில் இருக்கும் 2200. 2191க்கு 7 வழியாக 2184.

இந்தப் பதினேழோடு முடியவில்லை. இவற்றைக் கட்டிவைப்பவை 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு பகா எண்கள்தான். ஆறையும் பெருக்கினால் 30030. வரிசையில் ஒவ்வொன்றோடும் 30030ஐக் கூட்டினால் எந்த உறவும் அறுந்துபோகாது, ஏனென்றால் 30030 அந்த ஆறு எண்களுக்குமே மடங்கு. ஆகவே 32214 முதல் 32230 வரையும் இதே கதை. மறுபடி 30030 கூட்டினால் அங்கும் இதே கதை.

கீழக்குயில்குடியிலும் சுற்றுப்பட்டிலும் ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். காரணி, மடங்கு என்று கரும்பலகையில் வரையறை எழுதும் நாளில், 2184 முதல் 2200 வரை பதினேழு எண்களையும் ஒரே வரிசையில் எழுதுங்கள். எஸ். எஸ். பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். 2185, 2187, 2193, 2195, 2199 ஆகிய ஐந்துக்கும் உறவு யார் என்று நான் இங்கே சொல்லவில்லை. பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள்.